பதிமூன்றாம் பக்கத்துக் கதவு

மார்ச் 4

சின்னவளுக்கு,

நீ எழுதிய நாவல் தபாலில் கிடைத்தது. முதல் பக்கத்தில் "அக்காவுக்கு, அன்புடன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஒன்பது வருஷமாக இல்லாத அன்பு திடீரென்று இருநூற்று நாற்பது பக்கத்தோடு வந்து இறங்கினால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. போனில் பேசலாம். பேசினால் நீ கத்துவாய், பதிலுக்கு நான் கத்துவேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா "யாரு, யாரு?" என்று ஆரம்பிப்பாள். ஆகவே எழுதுகிறேன்.

காலைப் பிரார்த்தனை முடிந்து அடுப்பு பற்றவைப்பதற்குள் பத்துப் பக்கம், துணி காய்கிற நேரத்தில் இருபது பக்கம் என்று ஆறு நாளில் முடித்தேன். எட்டாவதோடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. நோட்டுப் போட்டுக் குறித்துக்கொண்டேதான் படித்தேன்.

முதலில் தலைப்பு. 'வடகடல் வேங்கை'. பனிக்கட்டி மிதக்கிற கடலில் வேங்கை எங்கேயடி வந்தது? அங்கே இருந்ததெல்லாம் ஓநாயும் கரடியும். அடுத்து உன் கதாநாயகன், அந்தச் செம்பட்டைத் தாடிக்காரன். தலையில் கொம்பு வைத்த தொப்பியோடு கப்பலிலிருந்து குதிக்கிறான். அந்த வடகடல் கொள்ளைக்காரர்கள், வைக்கிங்குகள், கொம்பு வைத்துக்கொண்டதே இல்லை என்று என் பெண்ணின் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது. இவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

இதெல்லாம் போகட்டும். பதினான்காம் பக்கத்தில் அவன் கன்னியர் மடத்துக்குத் தீ வைக்கிறான். பதினைந்தாம் பக்கத்தில், மடத்துத் தோட்டக்காரரான உன் கதாநாயகியின் அப்பா செத்துப்போகிறார். அவளைக் கப்பலில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான். அவள் என்ன செய்கிறாள்? பதினோராம் நாள் அவனுக்குத் தலை சீவிவிடுகிறாள். பதினோரு நாள். நான் எண்ணினேன். எங்கள் வீட்டுப் பூனை செத்தபோது என் பெண் அதைவிட அதிக நாள் அழுதாள். மடத்திலேயே வளர்ந்தவள், நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட ஆண்டவன் பெயரைச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு திட்டவாவது செய்திருக்கலாம்.

எரிந்த மடத்தின் சுவரை அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காதில் கரித்துண்டைச் செருகிக்கொண்டு, காலடியால் அளந்து பார்க்கிற இடம் வருகிறதே, அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொள்ளையடிக்க வந்தவன் எதற்காகச் சுவரை அளக்கிறான்? எனக்குத் தெரிந்து சுவரை அளந்தவர் ஒருவர்தான். அவர் காதில் பென்சில் இருக்கும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வந்து, அப்பாவின் கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்ட அன்றும் இருந்தது. உன் வீட்டுக்காரருக்கு இந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்திருக்கும்.

கடைசியாக ஒரு சந்தேகம். பதினொன்றாம் பக்கத்தில் சாவிக்காரச் சகோதரி மடத்தின் பின்கதவுக்கு உள்பக்கமாகக் குறுக்குக்கட்டை போட்டு, அசைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். பதிமூன்றாம் பக்கத்தில் கொள்ளைக்காரர்கள் உள்ளே நிற்கிறார்கள். கதவை உடைத்ததாக ஒரு வரி இல்லை. பதினேழாம் பக்கத்தில் உன் செம்பட்டைத் தாடி அதே கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்துகிறான். கதவில் ஒரு கீறல் கிடையாது.

யார் திறந்தது?

அம்மா நலம். காது மட்டும் இன்னும் மந்தமாகிவிட்டது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

உன்னிடமிருந்து பாராட்டு வரும் என்று நான் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கவில்லை. ஆனால் அட்டையிலிருந்து ஆரம்பித்து இப்படித் தோலை உரிப்பாய் என்றும் நினைக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி படித்திருக்கிறாய். சோறு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

இது காதல் கதை. சரித்திரப் பாடம் இல்லை. காதல் பதினோரு நாளில் வரும், பதினோரு நிமிஷத்திலும் வரும். உனக்கு அத்தானை அப்பா காட்டினார், நீ தலையாட்டினாய், அதனால் உனக்கு நாள் கணக்குத் தெரியாது.

பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போடப்போகிறார். நீ ஒருத்திதான் முகம் சுளித்திருக்கிறாய், மற்றவர்கள் வாங்கிப் படிக்கிறார்கள். திருத்தம் ஏதாவது இருந்தால் ஏப்ரல் இருபதுக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உனக்காகக் கொம்பை எடுத்துவிடுகிறேன். அட்டைப் படத்தில் எடுக்க முடியாது. வரைந்தவர் கோபித்துக்கொள்வார்.

என் வீட்டுக்காரரை இதில் இழுக்காதே. காதில் பென்சில் வைக்கிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். தச்சர் வைப்பார், தையல்காரர் வைப்பார். அவர் இந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை, போதுமா? "நீ எழுதினா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு ஒரு கால் குட்டையாக இருக்கிறது என்று அடியில் வைத்திருக்கிறார். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. அப்பா போனதைக்கூட அத்தான்தான் போன் செய்து சொன்னார், நீ சொல்லவில்லை. இத்தனைக்கும் பிறகு முதல் பிரதியை உனக்கு அனுப்பினேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கதவைப் பற்றி உன்னைத் தவிர ஒருத்தரும் கேட்கவில்லை. பாடப்புத்தகக் கம்பெனியில் ஊரார் பிழையெல்லாம் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான், எனக்கே நீ பிழை பார்க்கிறாய். கடற்காற்று பலமாக அடித்துத் திறந்துகொண்டது என்று வைத்துக்கொள்.

சின்னவள்


மார்ச் 24

சின்னவளுக்கு,

காற்றா? குறுக்குக்கட்டையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்கிற காற்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

உன் கதையில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக இதைக் கேட்கவில்லை. இதே மாதிரி ஒரு கதவுக்காக நான் இரண்டு வருஷம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்துக் கதையை நீ ஒருநாளும் கேட்டதில்லை. கடையையும் முன்னறையையும் இடிக்க வந்த அன்று, தடை உத்தரவு மத்தியானத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதுவரை கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தால் போதும், ஆள் இருக்கிற வீட்டை இடிக்க மாட்டார்கள் என்றார் அப்பா. அதற்காகத்தான் என்னை மாமியார் வீட்டிலிருந்து வரவழைத்தார். "கதவு உன் பொறுப்பு, பெரியவளே. நீ பூட்டினா பூட்டினதுதான்" என்றார். வாசல் கதவுக்குப் பூட்டு, பின்கதவுக்குத் தாழ்ப்பாள். இரண்டையும் நான்தான் போட்டேன். ரிப்பேருக்கு வந்த தையல் மெஷின்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்தார். அவர் காலடியில் நான். அம்மா அடுப்படியில். நீ வீட்டுக்குள் எங்கேயோ.

பத்தேகாலுக்கு நாலு ஆட்கள் பின்பக்கமாக உள்ளே வந்தார்கள். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தார்கள். பின்னாலேயே காதில் பென்சிலோடு உன் ஓவர்சியர். பன்னிரண்டே முக்காலுக்கு உத்தரவு வந்தது. அதை ஒட்டச் சுவர் இல்லை.

நாலு மாதத்தில் நீ அந்த ஆளைக் கட்டிக்கொண்டாய். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது வேறு. அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பெரியவ தாழ்ப்பாளை மறந்துட்டா" என்பார். கோபமாகச் சொன்னால் சண்டை போட்டிருப்பேன். வருத்தமாகச் சொல்வார். "எல்லாத்துலயும் கரெக்டா இருப்பா. அன்னிக்கு மட்டும் எப்படி மறந்தாளோ." கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸிடமும் சொன்னார். அந்தப் பெண் ஊசி போட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கேட்டுக் கேட்டு, மறந்துதான் போனேனோ என்று எனக்கே ஆகிவிட்டது. இந்த வீட்டில் கதவைச் சாத்திவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிறேன். உன் அத்தான் சிரிக்கிறார். பிரார்த்தனைக்கு உட்கார்ந்து கண்ணை மூடினால் அந்தத் தாழ்ப்பாள்தான் வருகிறது. ஆண்டவன் வருவதில்லை.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன். மடத்துக் கதவை யார் திறந்தது?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

பழைய குப்பையைக் கிளற என் புத்தகம்தானா கிடைத்தது?

அப்பா உன்னை அப்படிச் சொன்னார் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உனக்காவது திட்டு கிடைத்தது. என்னை, "ரெண்டாவது பொண்ணா? அப்படி யாரும் இல்லையே" என்று வந்தவர்களிடம் சொன்னாராம். இரண்டு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்குகிற பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவும் உன்னிடம்தான் இருக்கிறாள். எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொண்டு, நியாயமும் உன் பக்கம்தான் இருக்கவேண்டும் என்றால் எப்படி?

கவலைப்படாதே, நீ கண்டுபிடித்த ஓட்டையை அடைத்துவிட்டேன். பதினொன்றாம் பக்கத்தில் அவள் கட்டை போடுகிற வரியை அடித்துவிட்டு, இப்படி மாற்றியிருக்கிறேன்: "அன்று சாவிக்காரச் சகோதரியின் மனம் பிரார்த்தனையில் லயித்திருந்தது. குறுக்குக்கட்டையைப் போட அவள் மறந்துபோனாள்."

ஒரு வரியில் எல்லாம் சரியாகிவிட்டது. பதிப்பாளருக்கும் சம்மதம். இப்போது திருப்திதானே?

சின்னவள்


ஏப்ரல் 8

சின்னவளே,

அவள் மறக்கவில்லை.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று நான் குறித்து வைக்கவில்லை. முதலில் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். காகிதத்தைப் பிடித்த கையில் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

நம் பின்கதவு உனக்கு நினைவிருக்கிறதா? கீல் தேய்ந்து ஒரு பக்கமாக இறங்கிப்போன கதவு. தோளைக் கொடுத்துக் கதவை மேலே தூக்கினால்தான் தாழ்ப்பாள் துளைக்குள் போகும். தூக்கினால்தான் வெளியேயும் வரும். அன்றைக்கு அது பாதியில் சிக்கிக்கொண்டது. அப்பாவின் சுத்தியலை எடுத்து வந்து தட்டினேன். ஒரு அடி தவறி விரலில் விழுந்தது. நகம் கறுத்து, இரண்டு மாதம் கழித்து உதிர்ந்தது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு முளைத்த நகம், கொஞ்சம் கோணல்.

ஒன்பது வருஷம் என்னை நானே சந்தேகப்பட்டிருக்கிறேன், இந்த நகத்தை ஒரு நாள் யோசித்துப் பார்க்கவில்லை. போடாத தாழ்ப்பாளுக்கு நகம் கறுக்குமா?

வெளியிலிருந்து தள்ளினால் அந்தக் கதவு அசையாது. தோள் கொடுக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் வீட்டில் நாலே பேர். அப்பா நாற்காலியில் இருந்தார். நான் அவர் காலடியில். அம்மாவுக்கு அப்போதே தோள்வலி, தலை சீவவே கை எழும்பாது.

இனி நான் எதையும் கேட்கப்போவதில்லை. எழுதினால் எழுது. எழுதாவிட்டால் அதுவும் பதில்தான்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நான்தான் திறந்தேன்.

இந்த ஒரு வரிக்கு ஐந்து காகிதம் வீணாகிவிட்டது.

அவர் அளவெடுக்க மூன்று தடவை வந்தபோதே பேச்சுப் பழக்கம். அன்று காலையில் பின்பக்க ஜன்னலில் வந்து நின்றார். "பத்தரைக்கு இடிக்கிற மெஷினை விடச் சொல்லி மேலேருந்து ஆர்டர். உள்ள ஆள் இருந்தாலும் நிறுத்த மாட்டாங்க. முன்சுவரு ஏற்கெனவே விரிசல் விட்ருக்கு, உங்கப்பா தலையிலதான் விழும். நீங்க பின்கதவை மட்டும் திறந்து விடுங்க, அவரை நானே பூப்போல தூக்கிட்டு வந்துடறேன்" என்றார். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் தோளைக் கொடுத்தேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த வீட்டையும், அந்த மெஷின் எண்ணெய் வாசனையையும் விட்டு எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதில் எது பெரிசு, எது சிறிசு என்று உன் நோட்டில் எழுத முடியாது.

அன்று சாயங்காலம் அப்பா முதல் தடவையாக, தாழ்ப்பாளை மறந்தது என்று உன் பெயரைச் சொன்னார். நான் "நல்லவேளை" என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், அக்கா. மாற்றி எழுதமாட்டேன்.

கல்யாணமாகி நாலாவது வருஷம், சிநேகிதர் ஒருவரோடு வீட்டில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். "உள்ள ஆள் இருந்தா டிரைவர் சாவியையே தொட மாட்டான். நாம என்ன கொலையா பண்ண முடியும்? சும்மா ஒரு போடு போட்டேன். பொண்ணு பயந்துடுச்சு, கதவு திறந்துடுச்சு, கல்யாணமும் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சிரிக்கவும் செய்தேன். வந்தவர் முன்னால் வேறென்ன செய்வது?

அதற்கு அடுத்த வாரம்தான் எழுத ஆரம்பித்தேன். கொள்ளையடிக்க வந்தவன் ஒருவனாவது நிஜமாகவே மனம் வருந்தி அவளிடம் தலை குனிகிற கதை. நீ சொன்னது சரி, பதினோரு நாளில் அவளுக்குக் காதல் வராது. எனக்கு வரவேண்டியிருந்தது, வரவழைத்தேன். பதிமூன்றாம் பக்கத்தை ஆறு தடவை எழுதினேன். ஆறு தடவையும் கதவு வந்ததும் கை தானாக அடுத்த வரிக்குத் தாவிவிட்டது.

நேற்று பதிப்பாளரைப் பார்த்தேன். சாவிக்காரச் சகோதரி மறந்த வரியை எடுத்துவிட்டு, "கதவைத் திறந்தவள் அவளேதான்" என்று போடச் சொன்னேன். "கதாநாயகியே காட்டிக் குடுத்தான்னு போட்டா எந்தப் பொண்ணும்மா வாங்கிப் படிப்பா? ஓடற குதிரையைப் பிடிச்சு நிறுத்தறீங்களே" என்றார். அப்படியானால் இரண்டாம் பதிப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ மன்னிப்பாய் என்று இதை எழுதவில்லை. உன்னை எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவள் ஒருத்தியாவது என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

சின்னவள்


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சொல்லாதே என்று நீ எழுதியிருந்த வரியையும் சேர்த்தே படித்தேன். அவள் காதுக்கு எட்டுகிற சத்தத்தில் படித்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

அம்மா கால் நீட்டி உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் புடவை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியுமே" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"அவ தோளைக் குடுத்துக் கதவைத் தூக்கினதை அடுப்படியிலேருந்து பாத்தேன். கூப்பிடறதுக்குள்ள அவங்க உள்ள வந்துட்டாங்க."

"அன்னிக்குக் கூப்பிட முடியலை, சரி. அதுக்கப்புறம்? அப்பா ஒவ்வொருத்தர்கிட்டயும் என்னைச் சொல்றப்போ நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

"அவ பேரைச் சொன்னா உங்கப்பா அவளை வெட்டிப் போட்ருப்பாருடி. உன்னைன்னா ரெண்டு வார்த்தை சொல்லுவாரு, அவ்வளவுதானே. நீ தாங்குவே. அவ தாங்கமாட்டா."

நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "மழை வர மாதிரி இருக்கு, துணி எடுத்தியா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றேன்.

அந்த ஆள் பொய் சொன்னான், நீ ஏமாந்தாய். அதுவரைக்கும் நம்புகிறேன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்த ஆள் பொறுப்பில்லை, நீதான். நீ புத்தகத்தை நிறுத்தியதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பா இல்லை. அந்த நர்ஸ் எந்த ஊரில் இருக்கிறாளோ. நான் யாரிடம் போய், "தாழ்ப்பாளைப் போட்டேன்" என்று சொல்வது?

இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

இவர்களோடு இனிப் பேசுவதில்லை என்று நான் முடிவு செய்திருப்பது இப்போது இரண்டு பேரை. நீ எங்கேயோ தூரத்தில் இருக்கிறாய், உன்னோடு பேசாமல் இருப்பது சுலபம். மற்றவளுக்கு நாலு மணிக்குக் குளியல். தலைக்கு ஊற்றும்போது, "கண்ணை மூடிக்கோம்மா" என்று யாராவது சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சோப்பு கண்ணில் பட்டு அழுவாள்.

மணி மூன்றே முக்கால். வெந்நீர் கொதித்துவிட்டது.

அக்கா